கொடுக்கச் சொன்னது நான்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். என் மகள் படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். அவள் எழுதி முடித்த புராஜெக்டைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி அவளுடைய தோழி கேட்டாள். மகள் தயங்கினாள்.

"வாய் தொறந்து கேக்குது, இல்லேன்னா சொல்லுவ? குடும்மா," என்றேன். எங்கள் தெருவில் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

தோழி அதையே தன் பெயரில் கொடுத்துவிட்டாள். கல்லூரியில் என்னை வரச் சொன்னார்கள்.

"ரெண்டும் தொண்ணூறு சதவீதம் ஒண்ணா இருக்கு. யார் எழுதினதுன்னு கம்ப்யூட்டர் சொல்லாதுங்க," என்றார் புராஜெக்டைத் திருத்தும் மேடம்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. அன்று பேசினேன். "எம் பொண்ணுதாம்மா எழுதிச்சு. நாந்தான் குடுக்கச் சொன்னேன்."

"குடுத்ததும் தப்புதாங்க. ரெண்டு பேருக்கும் ஜீரோ. வேலைக்கு இண்டர்வியூவும் கிடையாது."

பக்கத்தில் நின்ற தோழி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், "எதுனா பேசு கண்ணு," என்றேன்.

"நீ சொன்னேன்னுதாம்பா குடுத்தேன்."

அப்போது தோழியிடமிருந்து போன் வந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். எடு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. அவளுக்கு எதையும் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.