நான் கேட்டது ஒரு வார்த்தை

சபையாருக்கு என் தோத்திரம். நான் நாலாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று சாட்சி சொல்ல வெட்கம், அதனால்தான் எழுதித் தருகிறேன்.

சண்டை நடந்த காலம். வருசம் நினைவில்லை, ஆனால் பெரஹரா யானை ஊர்வலம் நடந்த கிழமை. கண்டி டவுனில் எனக்குத் தெருக் கூட்டும் வேலை. யானை போன தெருவெல்லாம் விடிவதற்குள் கூட்டிக் கழுவ வேண்டும். ஐந்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

மஹய்யாவையில் எங்கள் பக்கத்து வீடு சோமா அக்காவுடையது. சிங்களம். தமிழர்களை அடித்த கலவரத்தின்போது என் மூன்று பிள்ளைகளையும் தன் மகனோடு ஒரே பாயில் படுக்கவைத்துக் காப்பாற்றியவள். அந்த மகன் வளர்ந்து பட்டாளத்துக்குப் போய், வடக்கில் செத்துப்போனான். சேதி வந்து மூன்று நாள், நான் வேலையைச் சாக்குச் சொல்லி அவளைப் பார்க்காமல் ஒளிந்திருந்தேன். அன்று பகல் வீட்டுக்கு வந்தால், சவப்பெட்டி வந்துவிட்டது. வாசலெல்லாம் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடி. இனியும் போகாவிட்டால் அவளை இழந்துவிடுவேன் என்று தெரிந்தது.

நாத்தனார் ராணி எங்கள் வீட்டுப் படியில் நின்று தடுத்தாள்.

"அண்ணி, போவாதீங்க. செத்தவனோட பட்டாளத்துக் கூட்டாளிங்க எல்லாம் வாசல்ல நிக்கிறானுங்க. நம்ம மூஞ்சியப் பாத்தா சும்மா இருப்பானுங்களா?"

"போவாட்டி அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"போயி என்ன பேசுவீங்க? 'ஒதுங்கு, கூட்டணும்'னு சொல்ற சிங்களந்தானே ஒங்களுக்குத் தெரியும்."

அது உண்மை. கேட்டால் புரியும், ஆனால் சாவு வீட்டில் பேசும் சிங்களம் என் வாயில் வராது. விடிய விடியக் கூட்டிய களைப்பு வேறு. அந்தப் படியிலேயே நின்று, "இயேசப்பா, எனக்குத் தெம்பும் இல்லை, பாஷையும் இல்லை. அவளுக்கு ஆறுதலாக ஒரே ஒரு வார்த்தை கொடும்" என்று ஜெபித்தேன். பயம் விட்டது. போனேன்.

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தமிழச்சி" என்று ஒருவன் சிங்களத்தில் முணுமுணுத்தான். நான் நிற்கவில்லை. சோமா அக்கா பெட்டிக்குப் பக்கத்தில், பாயில், சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அருகில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடி மறுபடி ஜெபித்தேன்.

அவ்வளவுதான், சபையாரே. தூங்கிவிட்டேன். செத்த வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில்.

விழித்தபோது தோளில் பாரம். சோமா அக்கா என்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் எழும்பப் பார்த்தேன். அவளுடைய தங்கை என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"அசையாதீங்க," என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். "மூணு நாளா அக்கா கண்ண மூடல. மாத்திரை குடுத்தும் தூங்கல. நீங்க தூங்குறதையே பாத்துக்கிட்டு இருந்தா, அப்படியே சாஞ்சிட்டா."

வாசலில் முணுமுணுத்தவனே பால் விடாத பிளேன்டி தேநீர் கொண்டுவந்து, சத்தம் கேட்காமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

நான் வார்த்தை கேட்டேன். ஆண்டவர் என் களைப்பையே எடுத்து அவளுக்கு ஆறுதலாகக் கொடுத்தார். அன்றிலிருந்து கலியாண வீடோ, கடையோ, பட்டாளத்துச் செக்பொயின்டோ, தெம்பு வரட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. படியில் நின்று ஒரு வரி ஜெபம். பிறகு உள்ளே போய்விடுவேன். என்னைப் போலப் பேச வராதவர்களே, களைத்தவர்களே, நீங்களும் அப்படியே போங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

யாராவது வருசத்தைச் சரிபார்த்துப் போடுங்கள். அந்தத் தங்கை இப்போது கலஹாப் பக்கம் இருக்கிறாளாம். எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதையும் அவளிடமே கேளுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.