ஏழைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்த நான் அங்கே 'பேசிக்' என்ற புரோகிராம் மொழி படிக்கச் சேர்ந்தேன். சேர்ந்த சில வாரங்களிலேயே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. காரணம் ஒரு பயிற்சிக் கணக்கு.

வரிசையாகச் சில எண்கள் கொடுப்பார்கள். எவற்றில் ஏழு என்ற இலக்கம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். எண்ணைப் பத்தால் வகுத்தால் மீதியாக வருவது கடைசி இலக்கம். அது ஏழா என்று பார்த்துவிட்டு, ஈவை எடுத்து மறுபடி வகுக்க வேண்டும். எண் தீரும்வரை இதேதான். என் புரோகிராம் 'உண்டு', 'இல்லை' என்று பிசகாமல் சொன்னது. கேட்காதவர்களையும் கூப்பிட்டு அதைக் காட்டினேன்.

சென்டர் உரிமையாளருக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்கு இதைச் செய்துகாட்டு என்றார். விளம்பரப் பலகையையும் நானே எழுதினேன். 'ஏழைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர். அனைவரும் வருக.'

எதிர்பார்த்ததற்கு மேல் கூட்டம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் வந்தவர்களில் பலர் கையில் ரேஷன் கார்டு இருந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சேக்காட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர்தான் கேட்டார், ஏழை என்று முடிவானால் பட்டா கொடுப்பார்களா, வேறு ஏதாவதா என்று. பலகையை மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தேன். காது சூடாகிவிட்டது. இது எண் ஏழு ஐயா என்று சொல்லி, பத்தால் வகுத்து வகுத்து அதைத் தேடும் விதத்தையும் விளக்கினேன். பாதிப் பேர் இறங்கிப் போனார்கள். மீதிப் பேர் ஏசிக்காக நின்றார்கள்.

மானத்தைக் காப்பாற்ற அவரவர் வீட்டு எண்ணைச் சொல்லச் சொன்னேன். வெறும் 'உண்டு' என்றால் எடுப்பாக இருக்காது என்று, அந்த எண்ணையும் திரையில் காட்டும்படி அன்று காலைதான் ஒரு வரி சேர்த்திருந்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெரியவர் நாற்பத்தேழு என்றார். பச்சை எழுத்தில் வந்தது: 'ஏழு உண்டு. எண்: 0.'

"இன்னா நைனா, என் ஊடு பூஜ்யமா? இட்ச்சிட்டாங்களா?"

அடுத்தவருக்கும் பூஜ்யம். அதற்கடுத்தவருக்கும். மின்சாரம் ஏறி இறங்குவதால் மெஷின் தடுமாறுகிறது என்று சொன்னேன். அப்போது ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்த, திருநெல்வேலிப் பேச்சுள்ள அம்மா ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்கதான் வகுத்து வகுத்து அந்த நம்பரையே தீர்த்துட்டியளே தம்பி. பொறவு அதுல என்ன மிச்சமிருக்கும்?"

சற்று முன் நானே வாய் வலிக்க விளக்கியதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். எண்ணை முதலில் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தால் போதும். ஒரு வரி வேலை. நான் அதைத் தட்டி முடிப்பதற்குள் அறை காலியாகியிருந்தது.

மறுநாள் அந்த அம்மா பணம் கட்டிச் சேர்ந்தார். "இந்தத் தம்பிக்கே வருதுன்னா எனக்கும் வரும்" என்று சொன்னாராம். அதே காரணத்துக்காக இன்னும் சிலரும் சேர்ந்தார்கள். உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த மாதமும் நீயே செய்துகாட்டு என்றார்.

தப்பைத் திருத்திவிட்டேன் சார் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியதுபோல் இருந்தது.