தீனிப்பை

கூலித் தகராறில் ஊரே முறுக்கிக்கொண்டு நின்ற வருஷம். கோழி வளர்ப்பைப் பார்வையிட ஒரத்தநாட்டுப் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு பண்ணையில் அறுவடை வேலை செய்யும் ஒரு அம்மா, ஒவ்வொரு கோழியையும் தூக்கி, கழுத்தடியில் இரை தங்கும் தீனிப்பையைத் தடவிப் பார்த்துத்தான் கீழே விட்டார். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன.

"என்னம்மா போடுறீங்க?" என்றேன்.

"களத்துல தூத்தி ஒதுக்குற பதரு, கருக்காய், தவிடு. வாய்க்கால் நத்தையும் நசுக்கிப் போடுவேங்க."

கூட வந்த அந்தப் பண்ணைக் காரியக்காரர் சிரித்தார். "கருக்காயில இவ்வளவு சதை வைக்குமா? எல்லாம் பண்ணை நெல்லு."

அந்த அம்மா கையிலிருந்த கோழியை அங்கேயே அறுத்து, தீனிப்பையைக் கீறி முறத்தில் கொட்டினார். நல்ல நெல் ஒன்றுகூட இல்லை. காரியக்காரர் நடையைக் கட்டினார்.

"நீங்க கேட்டதுக்கும் இதாங்க பதில்" என்று முறத்தை என் பக்கம் தள்ளினார்.

அவ்வளவு ஆர்வமாகக் கேட்டவன், குனிந்து பார்க்க முடியாமல் நின்றேன்.