சாமியாகிப்போன முருங்கை

பெரியம்மாவின் பழைய சிவப்புச் சேலையிலிருந்து கிழித்த துணி அது. அதைப் பெரியப்பா முருங்கை மரத்தில் கட்டிக்கொண்டிருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விடிந்தும் விடியாத நேரம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திருட்டு முழி முழித்தபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சாமியே கிடையாது என்று ஊரெல்லாம் வாதாடிய மனுஷன். தன் கல்யாணத்தையே ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடத்தியவர். தைப்பூசத்தன்று காவடி போகும் சிராங்கூன் சாலைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். அப்பேர்ப்பட்டவர் கையால் ஒரு சாமி உருவாகிறது என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? நான் தூணுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் வீட்டில் மராமத்து வேலை நடந்ததால் சில மாதங்கள் பூன் லேயில் பெரியப்பா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் மின்சாரக் கேபிள் புதைக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டில் கரண்டுக் கம்பியில் உரசுகிறது என்று மரத்தை வெட்டுவார்கள். இங்கே கம்பியெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. அப்படிப் புதைத்தவர்களில் தானும் ஒருவன் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. இந்த ஊரில் மரங்கள் நிம்மதியாக நிற்பதே தன்னால்தான் என்பார். ஆனாலும் தெருவிளக்கை மறைக்கிறது, ஜன்னலைத் தொடுகிறது என்று கிளை வெட்டுகிறவர்கள் இங்கேயும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் பெரியப்பா யாரையும் கேட்காமல் நட்ட முருங்கைக் குச்சி, மரமாகி இரண்டாம் மாடி ஜன்னலை எட்டியிருந்தது. வேலையை விட்ட பிறகு அவரிடம் நாலு பேர் வந்து பேசியதே அந்த மரத்தால்தான். காலையில் துறட்டியோடு கீழே இறங்குவார். கீரையும் காயும் பறித்து அக்கம்பக்கத்துக் கேட்டுகளில் பையோடு மாட்டிவிட்டு வருவார். சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு என்று பார்ப்பதில்லை. சாயங்காலம் அந்த வீட்டுக்காரர்கள் நன்றி சொல்லப்போய் அரைமணி நேரம் நின்று பேசுவார்கள். அந்த மரத்தைத்தான், பொது இடத்தில் அனுமதி இல்லாமல் நட்டது என்று, அடுத்த முறை கிளை வெட்ட வரும்போது அடியோடு எடுக்கப் போவதாக நகர மன்ற அலுவலகத்திலிருந்து அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் சேலையைக் கிழித்தார்.

பெரியம்மா பதறிப்போனார். முருங்கையில் பேய் ஏறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சாமியை வைத்துப் பொய் சொல்லலாமா, கண் அவிந்துபோகாதா என்று புலம்பினார். பெரியப்பா அசரவில்லை.

"சாமிய நம்புறவங்க பொய் சொன்னாதான் பாவம். நான்தான் நம்பலையே."

கிளை வெட்டும் ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவர். துணியைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினார், காலணியைக் கழற்றினார், கும்பிட்டார். கும்பிடுகிற மரம் என்று அலுவலகத்துக்குப் போன் செய்தார். இப்போதைக்கு விட்டுவிடுங்கள், வளர்ந்தால் கிளையை மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அன்று மத்தியானம் பெரியப்பா ரசத்தை மறுசோற்றுக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. முதலில் மரத்தடியில் ஆரஞ்சுப் பழம் வந்தது. அடுத்து ஊதுபத்தி, அகல்விளக்கு. இரண்டாம் மாடிச் சீனப் பெரியவர் சின்னதாக ஒரு சிவப்பு மாடமே கொண்டுவந்து வைத்துவிட்டார். யாருக்கோ நாலு நம்பர் லாட்டரி அடித்ததாம், கேட்க வேண்டுமா? ஒருநாள் துறட்டியோடு போன பெரியப்பாவை அந்தச் சீனப் பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அங்கிள், சாமி ட்ரீ லா. கேனாட் பிளக்."

சாமி மரத்தில் கீரை பறிக்கக் கூடாதாம். உண்மையைச் சொன்னால் மரம் போய்விடும். சொல்லாவிட்டால் கீரை கிடையாது. பெரியப்பா வெறுங்கையோடு மேலே வந்து, பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் போட்டார். கேட்டில் மாட்டப் பை இல்லை, நன்றி சொல்ல ஆளும் இல்லை. கீழே வந்தவர்கள் எல்லாம் மரத்தைப் பார்த்துப் பேசினார்களே தவிர இவரைப் பார்த்துப் பேசவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

கழிக்க ஆளில்லாத முருங்கை கன்னாபின்னாவென்று வளர்ந்தது. ஒரு மழையில் பெரிய கிளை ஒன்று முறிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நடைபாதையில் விழுந்தது. நல்லவேளை, அப்போது யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. பெரியப்பா மேலிருந்து அதைப் பார்த்தார். அவரே அலுவலகத்துக்குப் போன் போட்டு, கிளை கழிக்க ஆள் அனுப்பச் சொன்னார்.

அதே மேஸ்திரிதான் வந்தார். ஆனால் ரம்பத்தைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். துணி கட்டியவர் பூசை போட்டு, மரத்திடம் உத்தரவு வாங்கித் தந்தால்தான் வெட்டுவாராம். சனிக்கிழமை காலை. புளோக்கே கீழே கூடியிருந்தது. மரத்தை நட்டவர்தானே துணியும் கட்டியிருப்பார் என்று அத்தனை பேரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் நடைபாதையில் கிடந்த முறிந்த கிளையைப் பார்த்தார்.

பெரியம்மா தட்டைக் கொண்டுவந்தார். கற்பூரத்தை எந்தப் பக்கம் சுற்றுவது என்றுகூடப் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. பெரியம்மா கண்ணால் காட்டிக்கொடுத்தார். தேங்காய் மூன்றாவது அடியில்தான் உடைந்தது. பிறகு தட்டைக் கொடுத்துவிட்டு, தானே துணியை அவிழ்த்தார். மரத்தின் மேல் கையை வைத்தார். முணுமுணுக்கவில்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"உன்னக் காப்பாத்தணும்னுதான் சாமியாக்குனேன். தப்புதான். எங்களுக்குச் சாமி நிறைய இருக்கு. முருங்க நீ ஒண்ணுதான். மரமாவே இரு."

சீனப் பெரியவர் இதுதான் மந்திரம் போலும் என்று குனிந்து கும்பிட்டார். மேஸ்திரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உதட்டோரம் சிரிப்போடு ரம்பத்தை எடுத்தார். கிளைகள் விழ விழ, பெரியப்பா கீரையை ஆய்ந்து பை பையாகப் பிரித்துக் கொடுத்தார். சாப்பிடலாமா என்று சந்தேகத்தோடு நின்ற சீனப் பெரியவருக்குத்தான் பெரிய பை. அவர் வாங்கிக்கொண்டு உடனே போய்விடவில்லை. சமைப்பது எப்படி என்று கேட்டு ஒரு மணி நேரம் நின்றுவிட்டார்.

இப்போது நான் ஜாலான் புசார் பக்கம் என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். பூன் லேக்குப் போனால் கேட்டில் ஒரு கீரைப் பை எனக்கும் தொங்கும். கிளை கழிக்க வரும் ஆட்கள் முதலில் பெரியப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அலுவலகமும் அந்த மரத்தைப் பற்றி அப்புறம் பேச்செடுக்கவில்லை.

அன்று எல்லாம் முடிந்து லிஃப்டில் ஏறினோம். பெரியம்மா விடுவாரா?

"கடைசில கும்பிட்டுட்டீங்கல்ல?"

"கும்பிடல. மன்னிப்புக் கேட்டேன்" என்றார் பெரியப்பா.

"கோயிலுக்குப் போயி நாங்க வேற என்ன செய்யுறோம்னு நெனச்சீங்க?"