மூளை மாற்றிய மிஷின்

போன மாதம் ஈப்போவிலிருந்து மிஷின் ஏஜண்ட் வந்தார். தாப்பா மலைப்பாதை வளைவுகளில் வேன் ஆடிய ஆட்டத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு டீ உள்ளே போனதும் தெம்பு வந்துவிட்டது. நேராக என் கேம் மிஷினின் பின்கதவைத் திறந்தார்.

"தம்பி, பொட்டி நல்லாதான் இருக்கு. டிவியும் நல்லாருக்கு. மூளைதான் கிழடாப் போச்சு."

மூளை என்று அவர் சொன்னது உள்ளே இருக்கும் போர்டை. ஒரு பச்சைத் தட்டு, அதில் கறுப்புப் பூச்சிகள் ஒட்டிக்கிடப்பது போல் சிப்புகள். இருப்பதிலேயே பெரிய பூச்சிதான் கம்ப்யூட்டராம். அது மெதுவாக யோசிக்கிறதாம். புது போர்டு போட்டால் புது ஆட்டம் வருமாம், படம் பறக்குமாம்.

மெதுவாக யோசிப்பது ஒரு குற்றமா? எனக்கே கொஞ்சம் ரோஷம் வந்தது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பலகைக் கம்பெனி, பினாங்கு துறைமுகம், லோரி வேலை என்று எங்கும் ஒட்டாமல் சுற்றியவன் நான். படிப்பு பாதியில் நின்றது. கால் மட்டும் நிற்கவில்லை. கடைசியாக ஒதுங்கிய இடம் இந்தத் தேயிலைத் தோட்டத்து முச்சந்தி. சீன முதலாளியின் மளிகைக் கடையில் ஒரு மூலை. மூலையில் ஒரு மிஷின். மிஷினுக்குப் பின்னால் என் கட்டில்.

ஆரம்பத்தில் தொழிலாளர் லயத்துப் பையன்கள் ஈ போல மொய்த்தார்கள். பிறகு தானா ராத்தா டவுனில் புது மிஷின்கள் வந்தன. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு மிஞ்சியது மழை, பனி... அப்புறம் வேலு அண்ணன்.

வேலு அண்ணன் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். ஃபேக்டரியில் கொழுந்தை இறக்கிவிட்டு, காலி லோரியைக் கடை முன்னால் நிறுத்துவார். தினமும் என்னோடு ஒரு விமானச் சண்டை ஆட்டம். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஆடுவது அது — ஒருவர் விமானம் விழுந்தால் அடுத்தவர் முறை. என் முறை வந்தால் பின்னால் நின்று வைவார்.

"டேய், கண்ண எங்கடா வெச்சிருக்க? இடது பக்கம் வருது லா!"

"பாத்துட்டேன்ணே. நீங்க கத்துனதுலதான் விழுந்துச்சு."

"ஆமா... நாளைக்கு என் லோரி பள்ளத்துல விழுந்தா, தொரைகிட்ட உன் பேரச் சொல்றேன்."

ஒரு நாளைக்கு நான் பேசும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். முதலாளியிடம் பேசும் நாலு மலாய் வார்த்தைகளைப் பேச்சென்று சொல்ல முடியுமா?

இப்போது சொல்லுங்கள். மூளையை மாற்றலாமா, வேண்டாமா?

மாற்றினால் பையன்கள் திரும்புவார்கள், பிழைப்பு நடக்கும். மாற்றாவிட்டால் இந்த மழைக்காலத்தோடு மூலையைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆனால் புது ஆட்டத்தின் வேகத்துக்கு ஐம்பதைத் தாண்டிய வேலு அண்ணன் எப்படி ஈடு கொடுப்பார்? கொஞ்ச நாள் தோற்பார். பிறகு லோரி நிற்காது.

பல நாள் யோசித்தேன், அந்த மிஷினைவிட மெதுவாக. மாற்றுவதில்லை என்று முடிவு செய்து, அதை அவரிடமே சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்காகவா?"

"ஆமாண்ணே. உங்களுக்குப் பழகின ஆட்டம்..."

"அட கிறுக்கா! எனக்கு இந்த வெளையாட்டே புடிக்காதுடா. கண்ணு எரியுது. லேட்டா வர்றேன்னு உங்க அண்ணி தெனம் ஏசுறா. நீ ஒண்டியா இந்தப் பொட்டிக்குப் பின்னால குந்திக்கிட்டு இருக்கியேன்னுதான் வந்தேன். மாத்துடா. பையனுங்க வரட்டும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். லோரி வளைவில் மறைந்த பிறகு மிஷினின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தக் குளிரில் எப்போதும் சூடாக இருப்பது அது ஒன்றுதான்.

அவர் எனக்காக விளையாடியிருக்கிறார், நான் அவருக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரில் ஒருவனாவது வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் ஈப்போவுக்கு போன் போட்டேன்.

இப்போது மிஷின் பறக்கிறது. பையன்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "அண்ணே, சில்லறை குடுங்க லா" என்பதைத் தவிர என்னிடம் யாருக்கும் பேச்சில்லை. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஆளும் குறைவதில்லை. அந்த இரண்டு பேரில் நான் இல்லை, அவ்வளவுதான்.

வேலு அண்ணனின் லோரி தினமும் இந்த வழியாகத்தான் போகிறது. கடையில் கூட்டத்தைப் பார்க்கிறார். முகம் மலர்ந்துவிடுகிறது. ஹார்ன் அடித்துக் கையை ஆட்டிவிட்டு, அண்ணி ஏசுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

கடை நிறைய ஆள் இருந்தால் கடைக்காரனுக்குத் துணை கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள் — நல்ல மனுஷர்கள்கூட!