சித்தி குழம்பில் போட்டது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சங்கரன்கோவில் பஸ் கண்டக்டர் நான் வாழ்க்கைப்பட்ட கடையநல்லூர் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, ஒங்க சித்தி தவறிட்டாக. அப்பா சொல்லிவிட்டாக, ஒடனே பொறப்படுங்க" என்றார். நாலு நாள் முன்புதான் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்று சொல்லப்படாமலே நின்றுபோயிற்று.

பதினாறாம் நாளுக்கு வந்த நீங்கள் எல்லோரும் அவளை நல்ல மனுஷி என்றீர்கள். நல்ல மனுஷிதான். ஆனால் அவளுக்குச் சமையல் வராது. அதை மறைத்து எழுதினால் அவளே சிரிப்பாள்.

அம்மா இறந்த மறு வருஷம், எனக்குப் பத்து வயதில், அப்பா ராயகிரியிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தார். வயல் வேலையில் வளர்ந்தவள், அடுப்படிப் பழக்கம் கிடையாது. சோறு ஒரு நாள் களியாகக் குழையும், மறுநாள் அரை வேக்காட்டில் நிற்கும். நான் மோரை ஊற்றி விழுங்கப் பழகிக்கொண்டேன். அப்பா ஊறுகாய் ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, முதல் வாயிலேயே முகத்தைச் சுளிப்பாள். "தொண்டையத் தாண்டிட்டா எல்லாம் ஒண்ணுதான் மதினி" என்று சித்தி சிரித்துக்கொண்டே இன்னொரு அகப்பை ஊற்றுவாள்.

குழம்பு மட்டும் வரவர வேறு மாதிரி ஆயிற்று. நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை போகாது. "மண்சட்டியில வச்சுப் பாக்கட்டுமா?" என்று சித்தி கேட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். எப்போதும் போல அம்மா சீராகக் கொண்டு வந்த பித்தளைச் சருவத்தில் வைத்தால்தான் சாப்பிடுவேன் என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அந்தச் சருவத்தை உள்ளும் புறமும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தினமும் தேய்த்தாள். அக்கா பாத்திரம் மங்கக் கூடாது என்பாள். எங்கள் அம்மாவை அவள் பார்த்ததே இல்லை, ஆனாலும் அக்கா என்றுதான் சொல்வாள்.

ஐப்பசியில் அப்பாவுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. ஆள் பாதியாக இளைத்தார், சாப்பிட்டதும் குமட்டினார். அத்தை கொஞ்ச நாள் சித்தியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் கிணற்றடியில், பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நடுவில், "இவ எந்தம்பிக்கு மருந்து வச்சிட்டா" என்றாள். புருஷனை மயக்கச் சோற்றில் கலப்பதாகச் சொல்லும் அந்த மருந்து என்ற சொல் விழுந்தால் ஒரு பெண்ணின் கதி என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் மோர் கேட்டுக்கூட வரவில்லை.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மருந்தெடுக்கிற ஒருவரிடம் அப்பாவை வண்டியில் கூட்டிப்போனார்கள். என்னையும் அத்தை ஏற்றிக்கொண்டாள். அவர் ஏதோ கஷாயத்தைக் கொடுத்து அப்பாவை வாந்தி எடுக்க வைத்தார். கருப்பாக ஓர் உருண்டையைக் குச்சியால் தள்ளிக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, சோத்துல கொழம்புல யாராச்சும் எதையாவது போட்டதப் பாத்தியா?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். முந்தின நாள் சித்தி யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்துக் குழம்பில் போட்டாள். கசப்பை அடக்கத்தான். அது கருப்பட்டி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"சித்தி மடியில இருந்து கறுப்பா என்னமோ எடுத்துப் போட்டா" என்றேன்.

அவள் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ராயகிரியிலிருந்து அவள் அண்ணன் வந்து கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. அதுவரை அவள் அடுப்படிக்குள் வரக் கூடாது, தொழுவத்தருகே தனிச்சட்டியில் கஞ்சி காய்ச்சிக்கொள்ள வேண்டும். சித்தி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

சமையலை அத்தை எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை வைத்த புளிக்குழம்பைச் சருவத்திலேயே விட்டுவைத்து, வியாழக்கிழமை மத்தியானம் சூடுபண்ணிப் போட்டாள். ஒரு மணி நேரம் போகவில்லை. அப்பா, அத்தை, நான், மூன்று பேரும் முற்றத்தில் சுருண்டு கிடந்தோம். வாந்தி நிற்கவில்லை. எனக்குக் கண் இருட்டியது. கஞ்சி குடித்த சித்திக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவள்தான் தெருவில் ஓடி டாக்டரைக் கூட்டி வந்தாள், எங்கள் வாந்தியை அள்ளினாள்.

டாக்டர் சருவத்தைக் கவிழ்த்து வெயிலில் பிடித்தார். அடியெல்லாம் பச்சை.

"களிம்பு. விஷம் இது. உள்ள ஈயமே இல்லியே, தேச்சுத் தேச்சே போயிருக்கு. இதுலயா புளி ஊத்துனீங்க? பூசி எத்தனை வருஷமாச்சு?"

"யுத்தம் வந்ததுலேர்ந்து ஈயம் பூசுறவரு இங்கன வாரதில்ல" என்றார் அப்பா, படுத்தபடியே.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். அப்பா அவரைச் சாப்பிடச் சொல்லி, தனியாகவே திருப்பி அனுப்பிவைத்தார். சித்தியிடம் யாரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. மண்சட்டிகள் வந்தன. அன்று முதல் சித்தி எதைப் பரிமாறினாலும் எங்கள் கண்ணெதிரில் தான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் இலையில் வைப்பாள். புருஷனுக்கு முன்னால் கை நனைக்கிறாள் என்று கல்யாண வீடுகளில் நீங்கள் கேலி செய்தீர்களே, அது இதனால்தான். பதினைந்து வருஷம் ஒரு வேளை தவறவில்லை. சமையல் மட்டும் கடைசி வரை தேறவில்லை.

கடைசியாகப் போனபோது, படுக்கையில் கிடந்தவளுக்கு நான் கஞ்சி வைத்துக்கொண்டு போய், என்னை அறியாமலே ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"அது கருப்பட்டின்னு ஒனக்கு அன்னைக்கே தெரியும்லாட்டி?"

நான் தம்ளரையே நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் தம்ளரை வாங்கி முழுவதும் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன்.

அவளுடைய சேலையை அத்தை எடுத்துக்கொண்டாள், காதுப் பாம்படம் அப்பாவிடம் இருக்கிறது. எனக்கு அந்தக் கேள்விதான். அவளை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லிவிடுகிறேன்.

தெரியும், சித்தி.