மடித்து வரைந்த வீடு

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு பழைய செங்கல் வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தேன். அப்போது கட்டடக்கலை இரண்டாம் வருடம். ஜோர்ஜியன் பாணி வீடு அது: நடுவில் கதவு, இரு பக்கமும் அச்சொட்டாக ஒரே அளவுச் சன்னல்கள். வாடகைக்காக அறை அறையாகப் பிரித்துப் பாழாக்கியிருந்தார்கள். எனக்கோ அதுதான் மாளிகை. வந்த கிழமையே வரையத் தொடங்கிவிட்டேன். இப்படியான வீட்டில் பாதியை வரைந்தால் போதும், ட்ரேசிங் தாளை மடித்து மறுபாதியை எடுத்துவிடலாம்.

அந்த மறுபாதியில்தான் எதிர் அறை அண்ணை இருந்தார். உணவகமொன்றில் கோப்பை கழுவுபவர். காணும்போதெல்லாம், "தம்பி, உள்ளுக்கு வாருமன், தேத்தண்ணி குடிப்பம்" என்பார். "பிறகு வாறன் அண்ணை" என்று படியிறங்கி ஓடுவேன். படத்தைக் காட்டியபோது சிரித்தார். "உதில என்ர அறைக்கு நல்ல வெளிச்சம். நான் பகலிலயும் லைற் போட்டுக்கொண்டு இருக்கிறன்." அவர் பக்கத்துச் சன்னலின் மரக்கதவுகள் எப்போதும் மூடியே கிடக்கும். குளிருக்குப் பயந்த மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்து ஞாயிறு மத்தியானம் கீழ் அறையொன்றில் தீப்பிடித்தது. நான் எப்படியோ வெளியே வந்துவிட்டேன். அண்ணை வரவில்லை. படிக்கட்டு முழுக்கப் புகை. எந்த அறை என்று தீயணைப்புக்காரர் கேட்டதும், யோசிக்காமல் முன்பக்கச் சன்னலைக் காட்டினேன். அந்த வீட்டை என்னைவிட யாருக்குத் தெரியும்? ஏணி வைத்தார்கள். மரக்கதவைக் கோடரியால் பிளந்தார்கள். பின்னால் செங்கல் சுவர்.

அது பொய்ச் சன்னல். அந்த இடத்தில் சுவருக்குள் புகைபோக்கி ஏறுகிறது. வெளியே ஒழுங்கு குலையக்கூடாதென்று வெறும் கதவுகளைப் பொருத்தியிருந்தார்கள். அறையின் உண்மையான சன்னல், வீட்டின் பக்கவாட்டில் ஓடிய ஒடுங்கிய ஒழுங்கையைப் பார்த்த சின்னது ஒன்று. ஏணியை எடுத்துச் சுற்றிப்போய், அந்த வழியால் அவரை இறக்கியபோது முகமெல்லாம் கரி. அசைவில்லை.

உயிர் தப்பினார். நெஞ்சு தப்பவில்லை, பிறகு அவர் வேலைக்குப் போகவேயில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். ஒக்சிசன் மாஸ்கை விலக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஒரு மாதிரி என்ர அறைக்கு வந்திட்டீர், தம்பி. தேத்தண்ணிதான் இல்லை."

இப்போது எந்த வீட்டை அளக்கப் போனாலும், அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்த பிறகே அளவு நாடாவை விரிக்கிறேன்; ஆனாலும் கோடரி செங்கல்லில் பட்ட அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை.